வாப்பா பக்கம்

டொக்டர் அந்தக் கேள்வியைக் கேட்ட நேரம் நான் இறக்காமத்து வயலில், முழங்கால் சேற்றில் நின்று வரம்பு அடைத்துக்கொண்டிருந்தேன். நான் அங்கே நின்றிருந்தால் மட்டும் வாயைத் திறந்திருப்பேனா என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நடந்தது என்னவென்றால், நான் அங்கே இல்லை.

என் மகள் ஸகியாவுக்கு ஒன்பது வயது. சிறுநீர் போகும்போது எரிகிறது என்று அழுதிருக்கிறாள். பெண்பிள்ளையின் அப்படியான விசயத்தை வாப்பாவிடமா சொல்வார்கள்? என் மனைவி றாஹிலா தன் மூத்த சகோதரி சுல்பிகாவிடம் சொன்னாள். சுல்பிகா மதினி சும்மா இருக்கிற ஆளா? மறுநாள் காலையே தாயையும் பிள்ளையையும் ஓட்டோவில் ஏற்றிக் கல்முனைக்குக் கொண்டுபோய், ஒரு கிளினிக்கில் பிள்ளைகளுக்கான டொக்டரிடம் காட்டிவிட்டாள். அது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, மே மாதத் தொடக்கம். சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். முறை தவறினால் வயல் வெடித்துவிடும் என்று நான் வயல் குடிசையில், வாடியிலேயே கிடந்தேன். எனக்கு யாரும் போன் பண்ணவில்லை. பெண்கள் பார்த்துக்கொள்கிற காரியத்துக்கு எனக்கு என்னத்துக்குப் போன்?

டொக்டரில் ஒரு பிழையும் சொல்ல மாட்டேன். மருந்து எழுதுமுன் பேனையை வைத்துவிட்டுக் கேட்டாராம்.

"இந்தப் புள்ளைக்கு முந்தி ஏதும் மருந்து ஒத்துக்காமப் போயிருக்கா?"

"இல்ல டொக்டர்," என்றாளாம் றாஹிலா.

"சொந்தத்தில ஆருக்கும்? குளிசை குடிச்சி மேலெல்லாம் கொப்பளிச்சி, வாய் புண்ணாகி, அப்பிடி ஏதும்?"

இதற்கு றாஹிலா வாயெடுக்குமுன் சுல்பிகா மதினி முந்திக்கொண்டாள். "எங்கட குடியில ஒருத்தருக்கும் இல்ல டொக்டர். எங்கட உம்மா, பெரியம்மா, சாச்சிமாரு, அவங்கட புள்ளையள், ஆருக்கும் ஒண்டும் ஆனதில்ல. என்ன மருந்தெண்டாலும் எங்கட ஆக்கள் தாங்குவாங்க."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். எங்கள் பகுதியில் குடி என்றால் வம்சம், பிள்ளை தாயின் குடி. நான் ஓடாவிக் குடி, என் பிள்ளைகள் லெவ்வைக் குடி. கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். நானும் அப்படித்தான் தொண்ணூற்றெட்டில் சாய்ந்தமருதுக் கடற்கரையிலிருந்து இறக்காமத்துக்கு வந்தேன். என்னைக் குறைவாக நடத்தினார்கள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ராசா மாதிரி வைத்திருந்தார்கள். கோழி அறுத்தால் தொடை எனக்குத்தான். ஆனால் சொந்தம் யார் என்று கேட்டால் எங்கள் பெண்கள் உம்மா, உம்மாவின் உம்மா, அவவின் உம்மா என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போவார்கள். மருமகனுடைய ஆட்கள் அந்த வரிசையில் வர மாட்டார்கள். எங்கள் சாய்ந்தமருது வீட்டிலும் அப்படித்தான். என் உம்மாவிடம் கேட்டிருந்தாலும் அவவும் அப்படித்தான் பதில் சொல்லியிருப்பா.

டொக்டர் பத்து நாளைக்குக் குளிசை எழுதிக் கொடுத்தார்.

இப்போது என் பக்கத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்ததுதான் இவ்வளவுக்கும் காரணம்.

எனக்கு ஒரு ராத்தா இருந்தா. சுபைறா. எண்பத்தெட்டில் அவவுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினைந்து. மாப்பிள்ளை பேசி முடித்திருந்த நேரம் அவவுக்கு ஏதோ காய்ச்சல், ஏதோ குளிசை. ஒரு கிழமை கழித்து கண் சிவந்தது. உதடு வெடித்தது. பிறகு நெஞ்சில் சிவப்புத் திட்டுகள் எழும்பி, கொப்பளித்து, தோல் ஈரத் தாள்போலக் கையோடு வந்தது. பன்னிரண்டாம் நாள் மவுத்தாகிப் போய்விட்டா. ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் உம்மாவைக் கூப்பிட்டு, இந்த மருந்தை இனி உங்கள் பிள்ளைகள் யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி, மருந்தின் பெயரை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். இங்கிலீசில் எழுதியிருந்தது. உம்மா அதை மடித்து அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் வைத்தா.

ஊருக்கு என்ன சொன்னா? காய்ச்சலில் போய்விட்டா என்று சொன்னா. எனக்கு இரண்டு தங்கச்சிமார் இருந்தார்கள். தோல் கழன்று செத்த வீடு என்று தெரிந்தால் யார் மாப்பிள்ளை தருவான்? குட்டம் என்பார்கள், சாபம் என்பார்கள், நம் ஆட்களின் வாயை மூட முடியுமா? உம்மா என் காதைப் பிடித்துக்கொண்டு சொன்னா. "வெளியில இந்தக் கத கதைச்சா உன்ட தங்கச்சிமாரு ரெண்டு பேரும் குமராவே கிடந்து போயிருவாளுகள். விளங்கிச்சா?" எனக்கு விளங்கியது. பிறகு யார் கேட்டாலும் காய்ச்சல்தான். றாஹிலாவை முடித்தபிறகு அவள் கேட்டாள், "உங்கட ராத்தா என்னத்தால மவுத்தானா?" காய்ச்சல் என்றேன். அவ்வளவு பழகிவிட்டது, பொய் சொல்கிறேன் என்றே தோன்றவில்லை.

தங்கச்சிமார் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. எங்கள் வழக்கப்படி அந்த வளவிலேயே ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுத்தோம். உம்மாவின் வீட்டோடு சேர்த்து மூன்று வீடு, கடலிலிருந்து நூறு அடி. இரண்டாயிரத்து நாலு டிசம்பர் இருபத்தாறு காலை கடல் வந்தபோது ஒரே வளவில் பதினொரு பேர் போனார்கள். நான் இறக்காமத்தில் இருந்ததால் தப்பினேன். தப்பினேன் என்று என் வாயால் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. மூன்று நாள் தேடி ஒன்பது பேரைக் கண்டெடுத்தேன். அலுமாரியாவது, துண்டாவது! வீடு நின்ற இடமே தெரியவில்லை.

பிள்ளை குளிசை குடிக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்காக வயலிலிருந்து வீட்டுக்கு வந்தேன். ஸகியா எரிவு குறைந்து, முற்றத்தில் கொடியில் சீலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மேசையில் குளிசை அட்டை கிடந்தது. கையிலெடுத்துப் பார்த்தேன். பெரிய வெள்ளைக் குளிசை, நடுவில் ஒரு கோடு. சுபைறா ராத்தா குடித்த குளிசையும் இப்படித்தான் இருந்தது.

"இதென்ன குளிசை?"

"டொக்டர் தந்தது. ஏன்?" என்றாள் றாஹிலா.

"ஒண்டுமில்ல," என்றேன்.

ஒண்டுமில்ல! என் வாயில் மண் விழ. உலகத்தில் முக்கால்வாசிக் குளிசை வெள்ளைதானே, நடுவில் கோடுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். சொல்லியிருந்தால் பதினொரு வருசமாகச் சொன்ன பொய்யும் வெளியே வந்திருக்கும். அதுவும் ஒரு காரணம்தான், மறைக்க மாட்டேன். தொழுதேன், சோறு தின்றேன், பின்னேரம் வாடிக்குத் திரும்பினேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் றாஹிலாவின் போன் வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், கண் இரண்டும் சிவப்பு, உதடு புண், தண்ணீர்கூட விழுங்கக் கஷ்டப்படுகிறாள், இது அம்மாள் வருத்தம், அம்மை என்று மதினி வேப்பிலை வைக்கச் சொல்கிறாள் என்றாள். மண்வெட்டியை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியாது. சைக்கிளில் வீட்டுக்கு வந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அது ஸகியாவின் முகமாக இல்லை. இருபத்தொரு வருசத்துக்கு முந்திய சுபைறா ராத்தாவின் முகம்.

"குளிசய நிப்பாட்டு! இனி ஒண்டும் குடுக்காத!" என்று கத்தினேன்.

"காலையிலயும் குடுத்தன்," என்றாள் றாஹிலா. "என்ன? ஏன் கத்திறீங்க?"

அங்கேயே, வாசலில் நின்றபடியே, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. என்னை ஒரு அந்நியனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கினாள்.

கல்முனையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிள்ளைகள் வார்டில் டொக்டர் கோகிலன் என்று ஒரு பெடியன், காரைதீவுப் பக்கம், முப்பது வயதுகூட இருக்காது. எல்லா மருந்தையும் நிறுத்தச் சொன்னார். சேலைன் ஏற்றினார்கள். கண்ணுக்குச் சொட்டு, வாய்க்குக் களிம்பு, மேலுக்கு வெள்ளைத் துணி. கிளினிக் கொப்பியைப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். தமிழ்ப் பெடியன், ஆனாலும் அண்ணன் என்னாமல் எங்கள் ஆட்கள் மாதிரிக் காக்கா என்றார்.

"காக்கா, இது சல்பா மருந்து. ஆயிரக்கணக்கான புள்ளையள் குடிக்கிறதுதான், ஒண்டும் செய்யிறதில்ல. ஆனா சில பேரிட இரத்தத்தில பிறக்கக்குள்ளயே ஒரு குறி கிடக்கும். அவங்களுக்கு இது நெருப்பு. உங்கட அக்காவுக்கும் இதே மருந்தெண்டா, அந்தக் குறி உங்கட பக்கத்தால வந்திருக்கலாம்."

"என்ட பக்கத்தாலயா? புள்ள தாய்ட குடி டொக்டர்."

அந்த நேரத்திலும் இப்படிக் கேட்டேன் பாருங்கள். கேட்டவன் நான்தான்.

அவர் சிரிக்கவில்லை. "குடியெல்லாம் பள்ளியில, கல்யாணத்தில பாக்கிறது காக்கா. உடம்பில உம்மா பாதி, வாப்பா பாதி."

"அப்ப எனக்கு ஏன் ஒண்டும் ஆகல?"

"நீங்க இந்த மருந்தக் குடிச்சிருக்க மாட்டீங்க. இல்லாட்டி குறி இருந்தும் தப்பியிருப்பீங்க. எல்லாருக்கும் கட்டாயம் வருமெண்டு சொல்லேலாது. வெளிநாட்டில இரத்தத்தப் பாத்துக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி நடக்குது. இஞ்ச எங்களிட்ட இருக்கிற ஒரே சோதனை, வாயால கேக்கிறது மட்டும்தான். சொந்தத்தில ஆருக்கும் வந்ததா எண்டு." கொப்பியை மூடினார். "ஓம் எண்டு ஒரு சொல்லு வந்திருந்தா, வேற மருந்து எழுதியிருப்பாங்க."

எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது. நேரே போனேன். சுல்பிகா மதினி வார்டு வாசலில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு இருந்தாள்.

"உங்கட குடி, உங்கட குடி! வாயத் திறந்தா குடி! புள்ளைக்கு வாப்பா எண்டொருத்தன் இருக்கான், அவனுக்கும் உம்மா, ராத்தா எண்டு ஆக்கள் இருந்தாங்க எண்டு நினைப்பு வந்ததா உங்களுக்கு?"

வாங்கில் குந்தியிருந்த சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மதினி எழும்பினாள். அவள் குரலை உயர்த்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறைத்தது.

"நான் கேக்கல மச்சான். ஓம், என்ட பிழதான். அல்லாஹ்ட்ட பதில் சொல்லுவன். நீங்க சொன்னீங்களா? பதினொரு வருசமா எங்கட வீட்டில இருக்கீங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாய் திறந்தீங்களா?"

நான் சுவரில் சாய்ந்து குந்தினேன்.

நாலு நாள். தோல் முதுகில் கழன்றது, பிறகு கையில். கொழும்புக்கு அனுப்பலாம், தீக்காயத்துக்குப் பார்க்கிற தனி இடம் அங்கே இருக்கிறது, ஆனால் அவ்வளவு தூரம் தாங்குகிற சத்தி பிள்ளையிடம் இல்லை என்றார் கோகிலன் டொக்டர். அவர் வீட்டுக்குப் போகவேயில்லை என்று நினைக்கிறேன். எப்போது பார்த்தாலும் அதே சேட்டு. வார்டில் ஆண்கள் நிற்கக்கூடாது, ஆனால் எனக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நான் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. அவளுடைய கையைப் பிடிக்க முடியாது, தலையைத் தடவ முடியாது. பிடித்தால் தோல் வரும். ஒரு மட்டையை எடுத்துக் காற்று விசிறிக்கொண்டு நின்றேன். அவளை எறும்பு கடித்தால் பாய்ந்துபோய் நசுக்குகிறவன், என் பிள்ளை வெந்துகொண்டிருக்க மட்டையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

பத்தொன்பதாம் திகதி காலை வெளியே வெடி கேட்டது. ஒன்று இரண்டல்ல, சரஞ்சரமாக. வார்டில் இருந்த தாய்மார் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்தார்கள். எங்கள் உடம்புக்கு அப்படித்தானே பழக்கம். ஸகியாவின் கண் இரண்டும் ஒட்டிப்போய் இரண்டு நாள். பார்க்க முடியாது, உதட்டை அசைக்கவும் வலி.

"வாப்பா... என்ன சத்தம்? சுடுறாங்களா?"

"இல்ல மகள். பட்டாசு. சண்ட முடிஞ்சிட்டாம். ரேடியோவில சொல்றாங்க."

"முழுக்கவா?"

"ஓம், முழுக்க."

"அப்ப இனிப் பயமில்லயா?"

"பயமில்ல மகள்," என்றேன். பக்கத்துக் கட்டிலில் பாண்டிருப்புப் பெண்ணொருத்தி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய தம்பி வன்னியில் இருந்தானாம், நாலு மாசமாகத் தகவல் இல்லை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். வெளியே வெடி ஓயவில்லை.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஸகியாவுக்கு மூச்சுத் திணறியது. கோகிலன் டொக்டரும் இரண்டு நர்ஸ்மாரும் மேலே விழுந்து விழுந்து பார்த்தார்கள். மஃரிபுக்குப் பாங்கு சொல்லுமுன் போய்விட்டாள். இன்னா லில்லாஹி என்று வாய் சொல்லியது. நெஞ்சு சொல்லவில்லை. இன்றைக்கும் அது முழுசாகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை குளிப்பாட்ட வந்த பெண்கள் அறைக்குள் போய்ச் சற்று நேரத்தில் வெளியே வந்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவள் முகத்தைப் பொத்திக்கொண்டு சொன்னாள். "தண்ணி ஊத்தேலா. ஊத்தினா புள்ளட மேல் கரஞ்சிரும்." மௌலவியிடம் ஆள் போயிற்று. தண்ணீர் பட்டால் உடம்பு சிதையும் என்றால் தயம்மும் செய்யலாம், சுத்தமான மண் போதும் என்று சொல்லி அனுப்பினார். வாப்பா எங்கே, மண் கொண்டு வரட்டும் என்றார்கள். வீட்டுக்குப் பின்னால், யாரும் மிதிக்காத இடமாகப் பார்த்து, இரண்டு கையாலும் அள்ளினேன். அவளுக்காக நான் செய்த காரியம் இதுதான். ஒன்பது வருசத்தில் பிள்ளைக்கு உதவினேன் என்று சொல்ல என்னிடம் இருப்பது ஒரு பிடி மண்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதலும் முடிந்தது. அவ்வளவு நாளும் றாஹிலா என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. சோறு வைப்பாள், கோப்பையை நகர்த்துவாள், போவாள். நானும் கதைக்கவில்லை.

கத்தம் முடிந்த மறுநாள் காலை எங்கள் மகன் ஹஸ்மீருக்குக் காய்ச்சல். மூன்று வயது. இருமல், சளி, வேறொன்றுமில்லை. எந்தப் பிள்ளைக்கும் வருவதுதான். ஆனால் றாஹிலா அதை அப்படி விடவில்லை. அவனை மடியில் போட்டுக்கொண்டு, புதுக் கிளினிக் கொப்பியொன்றை விரித்து, என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். சுல்பிகா மதினி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உள்ளே வரவில்லை.

"டொக்டர்ட்டக் கொண்டு போக முந்தி எழுதோணும்," என்றாள் றாஹிலா. "கோகிலன் டொக்டர் சொன்னாரு, இவனுக்கும் அந்தக் குறி இருக்கலாமாம். சல்பா எண்டு எழுதிட்டன். மத்ததையும் சொல்லுங்க. உங்கட ஆக்கள் முழுப்பேரையும்."

கல்யாணம் முடித்து இத்தனை வருசத்தில் என் ஆட்களை ஒவ்வொருவராக இந்த வீட்டில் கேட்டது அன்றுதான்.

"சொல்லுங்க. உங்கட வாப்பா?"

"நெஞ்சுக்குத்து."

"மருந்து ஏதும் ஒத்துக்காம இருந்திச்சா?"

"தெரியா. நான் அப்ப சின்னப் பொடியன்."

"உம்மாவுக்கு?"

யோசித்தேன். உம்மா வருசக்கணக்காக மூட்டு வலிக்குக் குளிசை குடித்தா. வேறு ஏதாவது குடித்து மேல் கடித்ததா, வீங்கியதா? தங்கச்சிமாருக்குத் தெரிந்திருக்கும். பக்கத்து வீடுதானே, காலையும் மாலையும் ஒன்றாகத்தானே கிடந்தார்கள். அவர்களிடம் கேட்கலாம் என்று ஒரு கணம் மனம் போய்த் திரும்பி வந்தது.

"தெரியா."

"தங்கச்சிமாருக்கு? அவங்கட புள்ளையளுக்கு?"

"தெரியா றாஹிலா."

"உங்களுக்கு ஒரு தம்பி இருந்ததெண்டு முந்திச் சொன்னீங்க. சின்னதிலயே போனது. அது?"

"காய்ச்சல்," என்றேன்.

அவள் எழுதவில்லை. பேனையைக் கொப்பிக்கு மேல் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆரு சொன்ன?"

"உம்மா."

வாசலில் நின்ற மதினி முந்தானையால் வாயைப் பொத்தினாள். ஹஸ்மீர் இருமினான். அவன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு றாஹிலா இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க," என்றாள். "உங்களத் தவிர எனக்குக் கேக்கிறத்துக்கு ஆளில்ல."